சாகச வீடியோவில் காட்டப்படாத மெத்தை

இணையத்தில் 'ஸ்டண்ட் வீடியோ' என்ற ஒரே பெயரில் உலவுபவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல சங்கதிகள். ஒரு மிதிவண்டி வீரர் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு செய்துகாட்டும் வித்தையும் ஸ்டண்ட்தான். சினிமா சண்டைக் கலைஞர்கள் இடுப்பில் கயிறு கட்டி எடுத்த காட்சியும், நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கியபடி பறக்கும் இளைஞரின் பதினைந்து விநாடி ரீல்ஸும் ஸ்டண்ட்தான். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் நடப்பது, மின்சார ரயில் வாசலில் தொங்குவது, சாப்பிடக்கூடாத அளவில் எதையாவது விழுங்கும் 'சேலஞ்ச்' ஆகியவையும் இதே வரிசையில் வந்து நிற்கின்றன. செல்போன் திரையில் இவை எல்லாம் ஒரே அளவில், ஒரே மாதிரியான பின்னணி இசையோடு, விரல் நகர நகர அடுத்தடுத்து ஓடுகின்றன. பத்து வயதுப் பிள்ளையால் இவற்றைத் தானாகப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. இந்த வேலையில் பெற்றோருக்குத் துணையாக யாரும் இல்லை என்பதும் உண்மை.

திரையரங்குக்குப் போகும் குடும்பத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறது. 2024 முதல் 'யு/ஏ' என்பதே 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. ஓடிடி தளங்களும் 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இதேபோல் வயதைக் குறிப்பிட்டாக வேண்டும். ஆனால் தனிநபர் எடுத்து யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ ஏற்றும் வீடியோவுக்கு இந்த வகைப்பாடு கிடையாது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் இந்தியாவில் தடைசெய்யப்பட்டதும், சில மாதங்களுக்குள் ரீல்ஸும் ஷார்ட்ஸும் அந்த இடத்தை நிரப்பின. அன்றிலிருந்து ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டுக் காட்சிகளே பிள்ளைகள் அதிகம் பார்க்கும் வடிவமாகிவிட்டன. தணிக்கை அதிகாரி செய்யும் வேலையை இப்போது வீட்டுக் கூடத்தில் அம்மாவும் அப்பாவும் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த வேலையில் பெரும்பாலான பெற்றோர் வைத்திருக்கும் அளவுகோல் தங்களுடைய பயம். பார்க்கும்போது தங்களுக்கு வயிற்றைக் கலக்கினால் 'அதை நிறுத்து' என்கிறார்கள், கலக்காவிட்டால் விட்டுவிடுகிறார்கள். இந்த அளவுகோல் பல நேரம் தலைகீழாக வேலை செய்கிறது. விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பவரின் வீடியோ பெரியவர்களை மிரட்டும். ஆனால் ஏழு வயதுப் பையனுக்கு விமானமும் கிடைக்காது, பாராசூட்டும் கிடைக்காது. அலமாரி மேலிருந்து கட்டிலுக்குத் தாவும் வீடியோ பெரியவர்களுக்கு வேடிக்கையாகத் தெரியும். அலமாரியும் கட்டிலும் அதே அறையில் இருக்கின்றன. ஆகவே ஒரு ஸ்டண்ட் வீடியோவைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதில் பயன்படும் பொருளும் இடமும் பிள்ளையின் கைக்கு எட்டுமா என்பதுதான். மாடிப்படி, கிணறு, சைக்கிள், துப்பட்டா, தீப்பெட்டி, வாசலில் சாவியோடு நிற்கும் ஸ்கூட்டர் ஆகியவற்றை வைத்துச் செய்யப்படும் சாகசம், எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும், கவனமாகப் பார்க்கப்பட வேண்டியது.

இரண்டாவது கேள்வி, வீடியோ எதைக் காட்டாமல் விட்டிருக்கிறது என்பது. பரவலாகக் காணக்கிடைக்கும் ஒரு வகையை எடுத்துக்கொள்ளலாம்: ஓர் இளைஞர் ஒரு மாடி உயரச் சுவரிலிருந்து பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்துக் கீழே இறங்குகிறார். மொத்தம் எட்டு விநாடி. சுவர்மேல் நிற்பவரைக் காட்டும்போது கேமரா கீழே இருக்கிறது. அவர் காற்றில் சுழலும்போது காட்சி மெதுவாக்கப்படுகிறது. அடுத்த வெட்டில் அவர் தரையில் நிமிர்ந்து நின்று கட்டை விரலைக் காட்டுகிறார். கால் தரையைத் தொடும் கணம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் மெத்தை இருந்திருக்கலாம், ஆற்று மணல் கொட்டியிருக்கலாம், அவர் குதித்ததே வேறு சுவராக இருக்கலாம். அகலக் கோண லென்ஸ் உயரத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். கயிறைக் கணினியில் அழிப்பது இன்று ஒரு செல்போன் செயலியிலேயே முடிகிற காரியம். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய வீடியோ என்றால் குதித்த ஆளே கிடையாது.

காட்டப்படாத அந்த மெத்தையின் மதிப்பைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் முக்கால் விநாடிக்குச் சற்று மேல் நேரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வேகத்தில் தரையை அடைகிறது. 30 சென்டிமீட்டர் அமுங்கும் மெத்தை அந்த வேகத்தை 30 சென்டிமீட்டர் தூரத்தில் கரைக்கிறது. சிமென்ட் தரையில் விறைப்பாக விழும் உடல் இரண்டு சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், எலும்பும் மூட்டும் தாங்க வேண்டிய சராசரி விசை மெத்தையில் விழுவதைப்போல ஏறத்தாழப் பதினைந்து மடங்கு. பயிற்சி பெற்றவர் முழங்காலை மடக்கி, தோளை உருட்டி, அந்தத் தூரத்தை நீட்டிக்கொள்கிறார். எட்டு விநாடி வீடியோவைப் பார்த்த பிள்ளைக்கு அந்த உருட்டல் அழகுக்காகச் செய்ததாகத்தான் தெரியும். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளையோடு ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது, 'கீழே விழுந்தால் கால் உடையும்' என்று நூறு முறை சொல்வதைவிட நன்றாகப் பதியும்.

முடிவு எப்படிக் காட்டப்படுகிறது என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உளவியலில் ஒரு பழைய, உறுதியான விடை உண்டு. ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் தொடங்கிய 'போபோ பொம்மை' சோதனைகளில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த சிறுபிள்ளைகள் அதையே திரும்பச் செய்தார்கள். 1965-இல் அவர் வெளியிட்ட சோதனையில் அதே காட்சிக்கு மூன்று முடிவுகள் இருந்தன. ஒன்றில் அடித்தவருக்குப் பரிசு, ஒன்றில் தண்டனை, ஒன்றில் எதுவுமில்லை. தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால், 'பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு' என்று சொன்னவுடன் மூன்று குழுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்துகாட்டினார்கள். அதாவது செய்முறை எல்லார் மனதிலும் ஏறியிருந்தது. வெளிப்படும் நேரத்துக்குத்தான் காத்திருந்தது. ஸ்டண்ட் வீடியோவில் முடிவு அநேகமாக எப்போதும் கைதட்டலும் லைக்கும்தான். விழுந்தவரின் வீடியோ ஏற்றப்படுவதில்லை. ஏற்றப்பட்டாலும் சிரிப்பு இசையோடு ஏற்றப்படுகிறது.

தொலைக்காட்சிக் காலத்திலேயே இதைப் பெற்றோர் பார்த்திருக்கிறார்கள். 1997-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'சக்திமான்' தொடர் ஓடிய ஆண்டுகளில், நாயகன் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிப் பிள்ளைகள் ஆபத்தான காரியங்களில் இறங்கியதாகச் செய்திகள் வந்தன. நடித்த முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, இவை படப்பிடிப்புத் தந்திரங்கள் என்று விளக்க வேண்டியதாயிற்று. அந்த விளக்கத்துக்கு ஒரு வலு இருந்தது: பிள்ளை நம்பிய அதே முகம் அதைச் சொன்னது. இன்றைய வீடியோக்களில் முதல் நொடியில் ஓடி மறையும் 'வீட்டில் முயலாதீர்கள்' என்ற பொடி எழுத்துக்கு அந்த வலு சற்றும் இல்லை. சில பிள்ளைகளுக்கு அந்த வாசகமே 'இது பெரிய விஷயம்' என்ற அறிவிப்பாகிவிடுகிறது. எச்சரிக்கை வாசகம் இருப்பதை மட்டும் வைத்து ஒரு வீடியோவுக்குப் பெற்றோர் நல்ல மதிப்பெண் கொடுத்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் இந்த விஷயம் நீதிமன்றம்வரை போனது 2023-இல். இருசக்கர வாகனப் பயண வீடியோக்களால் பல லட்சம் பின்தொடர்வோரைப் பெற்றிருந்த டி.டி.எஃப். வாசன், அந்த ஆண்டு செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் அருகே சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானார். கை எலும்பு முறிந்தது. முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டியதால் வந்த விபத்து என்றது காவல் துறை. குறுக்கே மாடு வந்ததால் பிரேக் பிடித்தார் என்றது அவர் தரப்பு. கைதான அவரது ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்றம், யூடியூப் சேனலை மூடிவிட்டு, வண்டியை எரித்துவிட்டு வரலாம் என்ற அளவுக்குக் கடுமையாகப் பேசியது. ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு ரத்தானது. அந்த வழக்கில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று: விபத்தின்போது அவர் தலைக்கவசமும் விலை உயர்ந்த பாதுகாப்பு உடையும் அணிந்திருந்தார். உயிர் பிழைத்ததற்கு அதுவே காரணம் என்று நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. அவருடைய வீடியோக்களைப் பார்த்து வண்டி கேட்டு அடம்பிடித்த பையன்களிடம் வண்டி இருக்கலாம். அந்த உடை இருப்பதில்லை.

வயதுக்கு வயது ஆபத்தின் தன்மை மாறுகிறது. ஆறேழு வயதுவரை உள்ள பிள்ளைக்குப் படப்பிடிப்புத் தந்திரம் என்பதே முழுதாகப் புரியாது. அதோடு தன் உடலின் எல்லையைப் பற்றிய கணிப்பும் தப்பாக இருக்கும். எட்டாத தட்டை எட்டிவிடுவேன், தாண்ட முடியாத இடைவெளியைத் தாண்டிவிடுவேன் என்று இந்த வயதினர் தங்கள் திறனைக் கூட்டிக் கணிப்பதை ஜோடி ப்ளமர்ட் என்ற உளவியலாளர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆறு வயதினரில் அப்படி அதிகம் கூட்டிக் கணித்தவர்களே அதிகம் அடிபட்டவர்களாகவும் இருந்தார்கள். இந்த வயதில் கைக்கு எட்டும் சாகச வீடியோக்களைத் தவிர்த்துவிடுவதே சரி; விளக்கம் சொல்லிப் பயனில்லை.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை விளக்கம் எடுபடும் வயது. 'எப்படி எடுத்தார்கள்' என்ற ஆர்வம் பொங்கி வழியும் காலமும் இதுதான். ஸ்டண்ட் வீடியோவைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல பருவம் கிடையாது.

பதின்மூன்றுக்கு மேல் நிலைமை வேறு. பையனுக்கோ பெண்ணுக்கோ ஆபத்து நன்றாகவே தெரியும். பெரியவர்களைப் போலவே நினைத்துப் பார்க்கவும் முடியும், தனியாக இருக்கும்வரை. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டீன்பெர்க்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 13 முதல் 16 வயதுள்ளவர்கள் காரோட்டும் கணினி விளையாட்டைத் தனியாக ஆடியபோது எடுத்த அபாய முடிவுகளைவிட, நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது மிக அதிகமாக எடுத்தார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. திரையில் ஏறும் லைக் எண்ணிக்கை, பக்கத்தில் நிற்கும் நண்பர் கூட்டத்தைச் சட்டைப் பையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டது. இந்த வயதில் பெற்றோரின் கேள்வி 'எந்த வீடியோ பார்க்கிறாய்' என்பதோடு நிற்க முடியாது. அதை யாரோடு சேர்ந்து பார்க்கிறார்கள், அந்த வாட்ஸ்அப் குழுவில் யார் யாரைச் சீண்டுகிறார்கள் என்பதும் சேர்ந்து தெரிய வேண்டும்.

எல்லா ஸ்டண்ட் வீடியோவும் விலக்கத்தக்கது என்று இதற்குப் பொருளில்லை. ஸ்காட்லாந்து மிதிவண்டி வீரர் டேனி மெக்காஸ்கில் 2009-இல் எடின்பரோ தெருக்களில் எடுத்த வீடியோவால் உலகப் புகழ் பெற்றவர். அவர் படங்களோடு விழுந்து எழுந்த காட்சிகளும் வெளியாகின்றன. அவற்றைப் பார்க்கும் பிள்ளை ஒரு தாவலுக்குப் பின்னால் எத்தனை வீழ்ச்சி இருக்கிறது என்று எண்ணத் தொடங்கும். ஜாக்கி சான் படங்களின் இறுதியில் ஓடும் தவறிய காட்சிகள் இன்னும் பழக்கமான உதாரணம். 'ஆர்மர் ஆஃப் காட்' படப்பிடிப்பில் மரக்கிளை முறிந்து விழுந்து அவர் மண்டையோடு உடைந்தது. உயிர் தப்பியதே பெரிது. அந்த விபத்தின் காட்சிகளைப் படத்தின் முடிவில் அவர் சேர்த்தே காட்டினார். அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போவதைப் பார்த்த பிள்ளைக்கும், கட்டை விரலை மட்டும் பார்த்த பிள்ளைக்கும் மனதில் பதிவது ஒன்றல்ல. தோல்வியைக் காட்டுகிறதா, தலைக்கவசமும் முழங்கால் காப்பும் கண்ணில் படுகின்றனவா, செய்பவர் பயிற்சியைப் பற்றி வாய் திறக்கிறாரா, மூடிய மைதானத்தில் செய்கிறாரா அல்லது மற்றவர் வண்டி ஓடும் சாலையிலா என்று பார்த்தால், இரண்டு நிமிடத்தில் ஒரு சேனலின் குணம் பிடிபட்டுவிடும். அதே சேனலின் பழைய வீடியோக்களைப் புதியவற்றோடு ஒப்பிடுவதும் நல்லது. ஆண்டுக்கு ஆண்டு உயரமும் வேகமும் கூடிக்கொண்டே போகிறது என்றால், அந்த நபரைப் பார்வையாளர் எண்ணிக்கை துரத்துகிறது.

அந்தத் துரத்தல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சீனாவின் வூ யோங்நிங் வாழ்க்கை ஒரு கசப்பான சான்று. கயிறோ வலையோ இல்லாமல் வானுயர் கட்டடங்களில் தொங்கி வீடியோ எடுத்து வாழ்ந்த அந்த 26 வயது இளைஞர், 2017 நவம்பரில் சாங்ஷா நகரின் 62 மாடிக் கட்டடத்திலிருந்து கைநழுவி விழுந்து இறந்தார். அவர் எதிரே வைத்திருந்த கேமரா அதைப் பதிவுசெய்தது. அவருடைய வீடியோக்களால் லாபமடைந்த தளத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று பெய்ஜிங் நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்து, இழப்பீடு தரச் சொன்னது. பதின்பருவப் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேச வேண்டிய செய்தி இது. பார்ப்பவரின் ஒவ்வொரு பார்வையும் செய்பவருக்குக் கொடுக்கும் கூலி என்பதைப் புரிந்துகொள்ளும் வயது அவர்களுக்கு வந்துவிட்டது.

சேர்ந்து பார்ப்பது என்பது பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்று காவல் காப்பதாக இருக்கக் கூடாது. 'மறுபடி ஒரு தடவ போடு, அவன் எங்க இறங்கறான்னு பாப்போம்' என்று அம்மா சொன்னால் பிள்ளை உற்சாகமாகத் திரும்பப் போடும். 'இந்த எடத்துல கட் பண்ணிட்டாங்கம்மா' என்று தானே கண்டுபிடிக்கும். 'கேமராவ யாரு புடிச்சிருப்பா? அவன் விழுந்தா யாரு தூக்குவா?' என்று அப்பா கேட்டால், திரைக்கு வெளியே ஓர் உலகம் இருப்பது அதற்குத் தெரியவரும். நான்கைந்து வீடியோவை இப்படிப் பிரித்துப் பார்த்த பிள்ளை, ஆறாவதைப் பெற்றோர் பக்கத்தில் இல்லாதபோதும் அதே கண்ணால் பார்க்கத் தொடங்கும். 'இதெல்லாம் பாக்காத' என்று போனைப் பிடுங்கும் வீட்டில் இந்தப் பழக்கம் வளர வழியில்லை. பிள்ளை அதே வீடியோவை நண்பன் வீட்டில் பார்க்கும், கேள்வி கேட்க ஆளில்லாமல்.

செயலிகளின் அமைப்புகள் இதற்கு உதவியாக இருக்கும், மாற்றாக ஆகாது. யூடியூப் கிட்ஸ் செயலியில் 4 வயதுவரை, 5 முதல் 8, 9 முதல் 12 எனப் பிரிவுகள் உண்டு. பெற்றோர் தேர்ந்தெடுத்த வீடியோக்களை மட்டும் காட்டச் செய்யவும் முடியும். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் மேற்பார்வைக் கணக்கு இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான சேலஞ்சுகளையும் குறும்புகளையும் அனுமதிப்பதில்லை என்று 2019 ஜனவரியில் யூடியூப் தன் விதியைத் தெளிவுபடுத்தியது. மீறும் வீடியோவைப் பெற்றோர் புகார் செய்யலாம். ஆனால் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் வேறு. பிள்ளை பார்ப்பது அப்பாவின் போனில், அப்பாவின் கணக்கில். தளத்துக்குத் தெரிந்தவரை பார்ப்பவருக்கு வயது நாற்பது. பிள்ளைக்கெனத் தனிக் கணக்குத் தொடங்குவதே இங்கே முதல் வேலை. முடியாதபோது வாரத்துக்கு ஒருமுறை 'ஹிஸ்டரி'யைச் சேர்ந்து பார்த்து, வேண்டாதவற்றை நீக்கி, 'விருப்பமில்லை' என்று குறித்தால் பரிந்துரைகள் மெல்ல மாறும்.

பார்ப்பதிலிருந்து எடுப்பதற்குப் பிள்ளை நகரும் கட்டம் தனிக் கவனம் கோருவது. 2011 முதல் 2017 வரை செல்ஃபி எடுக்கும்போது உலகில் நேர்ந்த 259 இறப்புகளை ஊடகச் செய்திகளிலிருந்து தொகுத்த ஆய்வொன்றில் இந்தியாவே முதலிடத்தில் இருந்தது. தண்ணீர், ரயில் முதலான போக்குவரத்து, உயரம் ஆகியவையே முக்கியக் காரணங்கள். சட்டமும் இங்கே குறுக்கே வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயதுவரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. 'பக்கத்துத் தெரு வரைக்கும்தானே' என்று ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கும் வீடுகளில் பலருக்கு இது தெரிவதில்லை. ரயில்வே ஊழியர் எச்சரித்த பிறகும் ரயில் கூரையிலோ படியிலோ பயணம் செய்வதும் ரயில்வே சட்டத்தின் 156-ஆம் பிரிவில் மூன்று மாதம்வரை சிறைக்குரிய குற்றம்.

சாகச ஆசை பிள்ளையின் குறையாகாது. உயரமும் வேகமும் சுழற்சியும் வளரும் உடலின் இயல்பான பசி. அதற்குச் சோறு போட ஆள் இருக்கும் இடங்கள் உண்டு: சிலம்பக் கூடம், விழுப்புரம் பக்கம் பிள்ளைகள் கம்பத்தில் ஏறி வித்தை காட்டும் மல்லர் கம்பம், ஜிம்னாஸ்டிக் மெத்தை, ஸ்கேட்டிங் தளம், நீச்சல் குளத்தின் குதிபலகை. அங்கெல்லாம் ஆசான் பக்கத்தில் நிற்கிறார், கீழே மணலோ மெத்தையோ தண்ணீரோ இருக்கிறது, முறையாக விழவும் கற்றுக்கொடுக்கிறார்கள். முறையாக விழத் தெரிந்த பிள்ளை, திரையில் ஒருவர் தரையிறங்குவதைப் பார்த்தாலே அது சரியா தப்பா என்று சொல்லிவிடும்.

ஏற்கெனவே முயன்று அடிபட்டு வந்து நிற்கும் பிள்ளையிடம் முதல் பேச்சு திட்டாக இருந்தால், அடுத்த முறை அடிபட்டது மறைக்கப்படும். தலையில் பட்ட அடியை மறைப்பது உயிருக்கே ஆபத்து. நினைவு தப்பியிருந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கமோ பேச்சுக் குழறலோ தெரிந்தாலோ, படுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நண்பர்கள் அந்தக் காட்சியைப் படம்பிடித்திருந்தால், அழிக்கச் சொல்வதற்கு முன் அதை மருத்துவரிடம் காட்டலாம். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது, தலையின் எந்தப் பக்கம் தரையில் பட்டது, எத்தனை நொடி அசையாமல் கிடந்தது என்பவை அதில் இருக்கும்.